கணனி தானாக நின்று எழும்புவது ஏன்?



இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் வாழ்வில் காரியாலய வாசல்களிற் கழியும் நாட்கள் ஏராளம். காணிப் பதிவு, வீட்டுத்திட்டம், பயிர் அழிவுக்கான இழப்பீடு, விதைநெல், உரம், பிறப்புச் சான்றிதழ் என ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு வரிசை. முன்னர் இவ்விபரங்கள் பெரிய கொப்பிகளில் எழுதப்பட்டன. இன்று அவை பெரும்பாலும் கணனியிற் பதியப்படுகின்றன. எமது கமக்காரர் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றின் மேசைகளிலும், வேறெங்கோ பாவித்து ஒதுக்கப்பட்ட பழைய கணனி ஒன்றாவது இருக்கிறது. எமது பிள்ளைகளே அதன் முன்னிருந்து வேலை செய்கிறார்கள்.

வரிசையிற் காத்துநின்று எமது முறை வரும்போது, "கணனி திரும்பத் திரும்ப நிண்டு எழும்புது, நாளைக்கு வாங்கோ" என்ற பதில் கிடைத்தால் எப்படியிருக்கும்? ஒரு நாட்கூலியும் பஸ் காசும் போய்விடும். அதைவிடப் பெரிய நட்டமும் உண்டு. பதிந்துகொண்டிருக்கும்போது கணனி நின்றுவிட்டால், அந்நேரம் எழுதிய பெயர் பட்டியலில் ஏறாமலே போகலாம். பெயர் ஏறவில்லை என்பதைக் குடும்பத்தார் அறிவதோ, கொடுப்பனவு வழங்கும் நாளிலேதான்.

ஆகவே இது கணனி படித்தவர்கள் மட்டும் அறியவேண்டிய விடயமன்று. காரியாலயத்தில் வேலை செய்யும் பிள்ளைகளும், சங்க நிருவாகத்தில் இருப்பவர்களும், வரிசையில் நிற்பவர்களும் இதைப்பற்றிச் சிறிது அறிந்திருத்தல் நல்லது.

இறைப்பு இயந்திரம் தரும் பாடம்

தோட்டத்துக்கு நீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது இயந்திரம் திடீரென நின்றால் நாம் என்ன செய்கிறோம்? உடனே புது இயந்திரம் வாங்க ஓடுவதில்லை. எண்ணெய் முடிந்துவிட்டதா, கிணற்றில் நீர் இறங்கிக் குழாய் காற்றை இழுக்கிறதா, இயந்திரம் கொதித்துவிட்டதா, பிளக்கிற் கரி பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இலகுவானதையும் செலவில்லாததையும் முதலிற் பார்க்கிறோம். செலவானதைக் கடைசியிற் பார்க்கிறோம். நின்றபோது என்ன சத்தம் கேட்டது, புகை வந்ததா என்பதையும் நினைவிற் கொள்கிறோம்.

கணனியும் ஓர் இயந்திரமே. அது காரணமின்றி நின்று எழும்புவதில்லை. மின்சாரம், வெப்பம், பழுதான உறுப்பு, மென்பொருள் ஆகிய நான்கில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்நான்கில் எது என்று அறியாமற் பணத்தைச் செலவிடுவதே நாம் விடும் பெரும் பிழை.

ஒரு சங்கத்தின் அனுபவம்

எமக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் வெள்ளத்தாற் பயிரிழந்த குடும்பங்களின் விபரங்கள் கணனியிற் பதியப்பட்டன. அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் காணியின் அளவு, விதைத்த நெல்லினம், அழிவின் அளவு எனப் பல விபரங்கள். வேலை நடந்துகொண்டிருக்கையில் கணனி ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை தானாக நின்று எழும்பியது.

திருத்துநர் ஒருவர் அழைக்கப்பட்டார். "வைரஸ்தான்" என்று கூறிய அவர், கணனியில் இருந்த அனைத்தையும் அழித்துவிட்டு விண்டோஸ் மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். முன்னர் பதிந்த பட்டியலைப் பிரதி எடுத்து வைக்க எவரும் நினைக்கவில்லை. பட்டியல் முழுவதும் அழிந்தது. இரண்டு நாள் கழித்துக் கணனி மீண்டும் தானாக நின்று எழும்பியது. பின்னர் நினைவகச் சில்லு ஒன்று விலைக்கு வாங்கிப் பூட்டப்பட்டது. அதன் பின்னரும் நின்றது.

கடதாசிப் படிவங்கள் ஒரு பழைய உரப்பையிற் கட்டி வைக்கப்பட்டிருந்தபடியால் குடும்பங்களின் விபரங்கள் தப்பின. எல்லாவற்றையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து பதிய வேண்டியதாயிற்று. இவ்வளவு நடந்த பின்னரே அங்கு ஒரு கொப்பி திறக்கப்பட்டது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

முதலில் ஒரு கொப்பி

கணனி நின்று எழும்பும் ஒவ்வொரு தடவையும் பின்வருவனவற்றைக் கொப்பியிற் குறித்துவையுங்கள்.

1. திகதியும் நேரமும்.
2. அந்நேரம் கணனியிற் செய்துகொண்டிருந்த வேலை. அச்சடித்தல், இணையம், தட்டச்சு முதலியன.
3. அறையின் மின்குமிழ் மங்கியதா, மின்விசிறியின் வேகம் குறைந்ததா?
4. நிற்பதற்கு முன் திரையில் ஏதேனும் அறிவித்தல் வந்ததா? வந்திருந்தால் அதன் சொற்களும் இலக்கங்களும். கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்தாலும் போதும்.
5. கணனி எவ்வளவு நேரம் இயங்கிய பின் நின்றது? பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருந்ததா?

ஒரு கிழமை அல்லது பத்து நாட்கள் இவ்வாறு எழுதினால் ஓர் ஒழுங்கு தென்படும். பிற்பகல் வெயிலில் மட்டும் நிற்கிறதா? அச்சடிக்கும்போது நிற்கிறதா? மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் நிற்கிறதா? இவ்வினாக்களுக்கான விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். திருத்துநரை அழைத்தாலும் அக்கொப்பியை அவரிடம் காட்டலாம். காய்ச்சல் எந்நேரம் வந்தது, எத்தனை நாள் நின்றது என்று சொல்லக்கூடிய நோயாளிக்கு மருந்து கொடுப்பது வைத்தியருக்கு இலகு அல்லவா?

நிற்கும் விதம் மூன்று

கணனி எவ்விதம் நிற்கிறது என்பதைக் கவனித்தாற் காரணத்தின் திசை தெரியும்.

முதலாவது, அறிவித்தல் தந்து ஒழுங்காக மூடி மீண்டும் எழும்புதல். இது எவரோ அல்லது ஏதோ ஒரு மென்பொருளோ கட்டளை இட்டதால் நிகழ்வது. பெரும்பாலும் விண்டோஸ் தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலையே இது.

இரண்டாவது, எழுத்துக்களுடன் கூடிய நீலத் திரை ஒன்று தோன்றி மறைந்து கணனி எழும்புதல். விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் இத்திரை கறுப்பு நிறமானது. கணனியின் உள்ளே கடும் பிழை ஒன்று நேர்ந்ததை இது காட்டுகிறது. பழுதான நினைவகம், பழுதான வன்தட்டு, பொருந்தாத ட்ரைவர் மென்பொருள் என்பன காரணமாகலாம்.

மூன்றாவது, எவ்வித அறிவித்தலும் இன்றி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியதுபோற் சட்டென நிற்றல். இங்கு முதலிற் சந்தேகிக்க வேண்டியவை மின்சாரமும் வெப்பமும் ஆகும்.

இரண்டாவது விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடும் பிழை நேர்ந்ததும் தானாக மீள எழும்பும்படியே விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திரையில் வருவதை வாசிக்க முன்னரே அது மறைந்துவிடும். இதை நிறுத்தலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, தேடும் இடத்தில் "அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்" என ஆங்கிலத்தில் எழுதித் திறவுங்கள். அதில் "ஸ்ராட்டப் அன்ட் றிக்கவரி" என்னும் பகுதிக்குச் சென்று, "ஓட்டோமெட்டிக்கலி றீஸ்ராட்" என்பதற்கு எதிரேயுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதன்பின் பிழை நேரும்போது திரை அப்படியே நிற்கும். அதிலுள்ள குறியீட்டை ஆறுதலாக எழுதிக்கொள்ளலாம்.

மின்சாரம்

மேலே நாம் கூறிய சங்கத்திற் கொப்பி எழுதத் தொடங்கிய நான்காம் நாள், மூன்றாம் தடவையாக வரிசைக்கு வந்திருந்த ஒரு வயோதிப அம்மா எழுதுவினைஞரைப் பார்த்து, "பிள்ளை, பக்கத்து மில் தொடங்கேக்கை எல்லே உங்கட பெட்டியும் நிண்டுபோகுது" என்றார். கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்கள். நேரங்கள் பொருந்தின. அடுத்த கட்டிடத்தில் மா அரைக்கும் ஆலையின் பெரிய மோட்டர் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் மின் அழுத்தம் ஒரு கணம் விழுந்தது. கணனியும் விழுந்தது.

இது எப்படி நிகழ்கிறது? எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அளவிலானது. கணனிப் பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை என்னும் பகுதி அதை 12, 5, 3.3 வோல்ட் என்னும் சிறு அளவுகளாக மாற்றிக் கொடுக்கிறது. மின்சாரம் தடைப்பட்டால், முழு வேலையில் இருக்கும் ஒரு பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 அல்லது 17 மில்லி செக்கன் மட்டுமே. கண் இமைக்கும் நேரத்திலும் இது குறைவு. மின்குமிழ் ஒரு தரம் சிமிட்டியதை நாம் கவனிக்காமலே விடலாம், கணனி கவனித்துவிடும். பெரிய மோட்டர் ஒன்று தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அதே கம்பியில் இருக்கும் ஏனையோருக்கு அக்கணத்தில் அழுத்தம் குறைகிறது.

"அங்கே யூ.பி.எஸ். இருக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அதனுள் இருந்த பற்றறி செத்துப்போயிருந்தது. பச்சை விளக்கு எரிந்தபடியால் எவரும் சந்தேகிக்கவில்லை. சிறிய யூ.பி.எஸ். பெட்டிகளில் உள்ள ஈய பற்றறி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடங்களே உழைக்கும். வெப்பமான அறையில் அதற்கு முன்னரே கெடும். பற்றறி கெட்ட பின் யூ.பி.எஸ். இருந்தும் இல்லாததற்குச் சமமே.

பரிசோதிக்கும் முறை இலகுவானது. கணனியை ஒழுங்காக மூடி, அதன் வயரை யூ.பி.எஸ். இலிருந்து கழற்றுங்கள். அவ்விடத்தில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தி எரியவிடுங்கள். பின் யூ.பி.எஸ். இன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்கள். விளக்கு சில நிமிடங்கள் தொடர்ந்து எரிந்தாற் பற்றறிக்கு உயிர் உண்டு. உடனே அணைந்தாற் பற்றறியை மாற்றவேண்டும். அச்சங்கத்தில் செய்ததும் இதுதான். பற்றறியை மாற்றியபின் ஆலை தொடங்கும்போது கணனி நிற்கவில்லை. பழைய பற்றறியைக் கிணற்றடியிலோ வயலிலோ எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள ஈயம் நிலத்துக்கும் நீருக்கும் நஞ்சு. பழைய பற்றறி வாங்கும் கடைகளில் அதைக் கொடுத்துவிடலாம்.

மின்சாரம் தொடர்பாக இன்னும் சில விடயங்களைக் கவனியுங்கள்.

லேசர் அச்சு இயந்திரத்தை யூ.பி.எஸ். இற் பொருத்தக்கூடாது. அது மையைக் கடதாசியில் ஒட்டுவதற்காகச் சூடாகும்போது பெருமளவு மின்சாரத்தை இழுக்கும். அச்சடிக்கும் வேளைகளில் மட்டும் கணனி நிற்குமானால் இதையே முதலிற் பாருங்கள். கேத்தல், மின்னழுத்தி போன்றவற்றையும் அதே மல்டி பிளக்கிற் பொருத்தாதீர்கள். தளர்ந்த பிளக், கருகிய சொக்கெற், எலி கடித்த வயர் என்பனவும் இக்குறையை உண்டாக்கும். கணனியின் பின்புறத்தில் வயர் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

எமது நாட்டில் மின்தடை புதிதன்று. 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் முட்டியதே காரணம் என அப்போது அமைச்சர் தெரிவித்தார். நீண்ட மின்வெட்டின்போது கணனியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் சில நிமிடங்கள் பொறுத்துப் பின்னர் பொருத்துங்கள். வந்து போய் வரும் மின்சாரமே கணனிக்குக் கூடிய கேடு.

வெப்பமும் தூசும்

கணனியின் மூளையாகிய புரொசசர் வேலை செய்யும்போது சூடாகும். அதன்மேல் உலோகத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் இருந்து அச்சூட்டை வெளியேற்றுகின்றன. சூடு ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கினாற் பல புரொசசர்கள் முதலில் தமது வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ளக் கணனியையே நிறுத்திவிடும். காலையில் ஒழுங்காக இயங்கி, மதியத்துக்குப் பின் நிற்கும் கணனியில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

தகரக் கூரையின் கீழ், செம்மண் தெருவோரத்தில் இருக்கும் எமது காரியாலயங்களில் தூசு விரைவிற் படியும். எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியேறுவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கணனியை மூடி, பிளக்கைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து மென்மையான தூரிகையாற் தூசைத் தட்டுங்கள். விசிறி சுழலாதபடி ஒரு விரலாற் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி பாவிக்கவேண்டாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நிலத்தில் வைக்காமற் பலகை ஒன்றின்மேல் வையுங்கள். தூசு படியாதிருக்க மூடும் துணியைக் கணனி இயங்கும்போது எடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

உள்ளே இருக்கும் உறுப்புகள்

பெட்டியைத் திறந்திருக்கும்போது தாய்ப்பலகையில் உள்ள கண்டென்சர் எனப்படும் சிறு உருளைகளைப் பாருங்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். மேல்நோக்கி வீங்கியிருந்தால் அல்லது கபில நிறப் பசை கசிந்திருந்தால் அவை கெட்டுவிட்டன. 1999 முதல் 2007 வரையான காலத்தில் உற்பத்தியான கணனிகள் பலவற்றில் தரக்குறைவான கண்டென்சர்கள் பூட்டப்பட்டு, உலகெங்கும் இக்குறைபாடு தோன்றியது. எங்கோ பாவித்து ஒதுக்கிய மிகப் பழைய கணனியை வாங்க முன்னரும், அன்பளிப்பாகப் பெற முன்னரும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நினைவகச் சில்லு தளர்ந்திருந்தாலும் கணனி நின்று எழும்பும். அதைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் றப்பரால் மெதுவாகத் துடைத்து, மீண்டும் இறுகப் பூட்டிப் பாருங்கள். தொட முன்னர் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு தரம் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பிலுள்ள நிலைமின் சில்லைக் கெடுக்காதிருக்க இது உதவும். விண்டோஸ் மென்பொருளிலேயே "மெமறி டயக்னொஸ்டிக்" என்ற நினைவகப் பரிசோதனை இருக்கிறது. புதுச் சில்லு வாங்க முன்னர் அதை இயக்கிப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை.

திருத்தங்களும் வைரசும்

விண்டோஸ் மென்பொருளைத் தயாரிக்கும் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அமெரிக்காவில் அது காலை நேரம். எமக்குச் செவ்வாய் இரவு. ஆகவே அதையடுத்து வரும் நாட்களில் கணனி தன்னைத் திருத்திக்கொண்டு மீள எழும்ப முற்படும். உங்கள் கொப்பியில் மாதத்தின் நடுப்பகுதியில் வரும் புதன், வியாழன் நாட்களே அதிகம் காணப்பட்டால், காரணம் இதுவாகலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. விண்டோஸ் அப்டேற் பகுதியில் "அக்ரிவ் அவர்ஸ்" எனும் இடத்தில் காரியாலயம் இயங்கும் நேரத்தைக் குறித்துவிடுங்கள். ஒரு நாளில் 18 மணித்தியாலம் வரை குறிக்கலாம். அந்நேரத்துள் திருத்தத்துக்காகக் கணனி தானாக எழும்பாது. வேலை முடிந்த மாலையில் நாமே அதை எழும்பச் செய்துவிடலாம்.

தொல்லை என்று கருதித் திருத்தங்களை முற்றாக நிறுத்திவிடலாமா? கூடாது. 2003 ஆகஸ்ட் மாதத்தில் பிளாஸ்டர் என்ற புழு உலகெங்கும் கணனிகளைத் தாக்கியது. திரையில் 60 செக்கன் எண்ணிக்கை தோன்றும். முடிந்ததும் கணனி நின்று எழும்பும். சிறிது நேரத்தில் மீண்டும் அதே கதை. அப்புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஜூலை 16 அன்றே வெளியிடப்பட்டிருந்தது. அதை ஏற்றாதவர்களே அகப்பட்டார்கள். வேலி அடைக்கச் சோம்பியவன் தோட்டத்தில் மாடு புகுந்த கதைதான்.

விண்டோஸ் 10 இற்கு வழமையாகக் கிடைத்துவந்த இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தன. அதன் பின்னர் நீடிப்புத் திட்டத்திற் பதிந்தவர்களுக்கே அவை கிடைக்கும். பழைய கணனி வைத்திருக்கும் சங்கங்கள் இதைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

சில வேளைகளில் திருத்தமே தவறாகவும் அமையும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு திருத்தத்தால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத் திரை காட்டி நின்றன. பல திரும்பத் திரும்ப எழும்பி விழுந்தன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. ஆயினும் கணனிகளில் இருந்த கோவைகள் அழிந்துபோகவில்லை. பிழையான அந்தக் கோவையை நீக்கியதும் கணனிகள் எழும்பின. ஆகவே, கணனி விழுந்து எழும்புகிறதே என்று பதற்றப்பட்டு எல்லாவற்றையும் அழிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

கணனி எழுதும் நாட்குறிப்பு

எமது கொப்பியைப்போலவே கணனியும் தனக்கென ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. ஸ்டார்ட் பொத்தானைச் சுட்டியின் வலப்பக்கத்தால் அழுத்தினால் வரும் பட்டியலில் "இவென்ற் வியூவர்" என்பதைத் திறவுங்கள். அதில் "விண்டோஸ் லொக்ஸ்" என்பதன் கீழ் "சிஸ்டம்" என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு நீண்ட அட்டவணை வரும். எமது கொப்பியிலுள்ள நேரத்தை வைத்துப் பின்வரும் இலக்கங்களைத் தேடுங்கள்.

1074: ஒரு மென்பொருளோ பாவனையாளரோ கட்டளையிட்டு நிறுத்தியது. எந்த மென்பொருள் என்பதும் எழுதப்பட்டிருக்கும்.

1001: கடும் பிழையால் நின்றது. "பக்செக்" என்ற சொல்லும் ஒரு குறியீடும் இருந்தால் அதைத் திருத்துநரிடம் கொடுங்கள்.

41, 6008: ஒழுங்காக மூடப்படாமல் நின்றது. இவை மட்டும் இருந்து 1001 இல்லாவிட்டால், மின்சாரம், வெப்பம் ஆகியவற்றின்மேற் சந்தேகம் வலுக்கும்.

பெயர்களைக் காப்பது எப்படி?

காரணத்தைக் கண்டறியச் சில நாட்கள் செல்லும். அதுவரை வேலையை நிறுத்தமுடியாது. ஆனாற் குடும்பங்களின் விபரங்களைக் காக்கமுடியும்.

ஒவ்வொரு குடும்பத்தின் விபரத்தையும் பதிந்து முடிந்ததும், கொன்ட்றோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்திச் சேமியுங்கள். வேர்ட் போன்ற மென்பொருள்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்புப் பிரதி எடுப்பது உண்மையே. ஆயினும் அந்தப் பத்து நிமிடத்துள் மூன்று நான்கு குடும்பங்களின் பெயர்கள் அடங்கிவிடும்.

கணனி நின்று எழும்பிய உடனே, கடைசியாகப் பதிந்த ஐந்து பெயர்களைக் கடதாசிப் படிவங்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாலையில் அன்றைய பட்டியலை ஒரு பென் ட்ரைவிற் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். முடிந்தால் அச்சிட்டும் வையுங்கள்.

படிவங்களுக்குத் தொடர் இலக்கமிட்டு, அவ்விலக்கத்தை ஒரு துண்டில் எழுதி விண்ணப்பித்தவரிடம் கொடுங்கள். கணனியிற் பதிந்தாயிற்று என்பதற்காகக் கடதாசிப் படிவத்தை எறியவேண்டாம்.

வரிசையில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கணனி நிண்டுபோச்சுது" என்று சொன்னால் வெறுங்கையுடன் திரும்பவேண்டாம். "எங்கட படிவத்தின்ர இலக்கம் என்ன, பதிஞ்சாச்சோ?" என்று பணிவாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஓடிவந்த வழியிற் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் தொலைத்துவிட்டு, அவற்றை மீளப்பெற வருடக்கணக்காக அலைந்தவர்கள் எம்மிற் பலர். ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

மேற்கூறிய சங்கத்திற் பட்டியல் மீண்டும் முழுமையாகப் பதியப்பட்டு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது. உரப்பையிலிருந்த படிவங்களுடன் ஒவ்வொரு பெயரும் சத்தமாக வாசித்து ஒப்பிடப்பட்டது. வாசித்தவர் எழுதுவினைஞர், பக்கத்திலிருந்து சரி பார்த்தவர்களுள் அந்த வயோதிப அம்மாவும் ஒருவர். அக்கொப்பி இன்றும் கணனிக்குப் பக்கத்தில், நூலிற் கட்டிய பேனையுடன் இருக்கிறது. உங்கள் சங்கத்திலும் அப்படி ஒரு கொப்பியை வைத்துவிடுங்கள்.